பேர் வெட்டிய அண்டா

மதுரை ஆவணக் காப்பகத்தில் துண்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்த பிறகுதான் தெய்வநாயகத்துக்குத் தோன்றியது, நம்பரை மாற்றி எழுதிக் கொடுத்திருக்கலாம் என்று. இருபத்தேழுக்குப் பதில் இருபத்தாறு. ஒரே ஒரு எண். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? வேறு எவனோ ஒருத்தன் திவாலான கதை மேஜைக்கு வந்திருக்கும். அதை நாலு புரட்டுப் புரட்டி, நம்ம தாத்தாவுடையது இல்லையே என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு, நாலு மணி போடி பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். ஆனால் கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. பொதுப்பணித் துறையில் முப்பத்தைந்து வருஷம் அணைக்கட்டு வரைபடங்களின் ஓரத்தில் எழுத்து எழுதிய கை, எதைக் கொடுத்தாலும் அச்சு மாதிரி சரியாகத்தான் எழுதும். ‘ஐ.பி. 27, வருஷம் 1934, இன்சால்வெண்டு: மு. தெய்வநாயகம்’ என்று எழுதி, கீழே கேட்பவர் பெயர் என்ற இடத்தில் ‘சி. தெய்வநாயகம்’ என்று போட்டது. சீட்டை வாங்கிய அம்மாள் மேலே ஒரு தடவையும் கீழே ஒரு தடவையும் பார்த்தாள். “ரெண்டும் ஒரே பேரா இருக்கே சார்?” “தாத்தா பேரும்மா. பேரனுக்கு வைக்கிறதுதான.” “ஐ.பி. குடுத்தவரா?” என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாதோ என்று நினைத்தாளோ என்னவோ, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஒக்காருங்க, எடுத்துட்டு வர ஒரு மணி நேரம் ஆகும். பென்சில் மட்டுந்தான். பேனா மேஜை மேல இருக்கக் கூடாது. அஞ்சு மணிக்குக் கட்டத் திருப்பிக் குடுத்துரணும்” என்றாள். அவர் பேனாவைப் பைக்குள் போட்டார். மூடி கழன்று பைக்குள் எங்கோ விழுந்துவிட்டது. தேடவில்லை.

ஐ.பி. என்று அந்த அம்மாள் எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். போடியில் அவர்கள் வீட்டில் அந்த இரண்டெழுத்தை யாரும் வாயில் எடுத்ததில்லை. ஊர் அந்தத் திவால் மனுவை மஞ்சக் கடுதாசி என்றது. மிளகு மண்டி தெய்வநாயகம் மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டார் என்று ஊர் ஒரு தடவை பேசியது. பேசி இருபத்து நாலு வருஷம் கழித்துப் பேரன் பிறந்தான், அதே பேரை அவன் தலையிலும் வைத்தார்கள், வைக்காமல் இருக்க முறை விடாது. மூன்றாம் வகுப்பில் வாத்தியார் ஆஜர் எடுக்கும்போது தெய்வநாயகம் என்று கூப்பிட, பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன் ‘மஞ்சக் கடுதாசி’ என்று பதில் சொன்னான். அவன் வீட்டில் பேசியதைக் கேட்டிருப்பான், பாவம், அவனுக்கு என்ன தெரியும். வகுப்பே சிரித்தது, வாத்தியாரும் மீசையை நீவிக்கொண்டார். அன்றைக்கு வந்த பயம். வீட்டில் பரணிலோ டிரங்குப் பெட்டிக்கு அடியிலோ உண்மையாகவே ஒரு மஞ்சள் காகிதம் இருக்கிறது, தெரியாமல் அதைத் தொட்டுவிட்டால் தன் பேர் அதில் தானாக ஏறிவிடும். எத்தனையோ நாள் தண்ணீர் குடிக்கக்கூட அந்த அறைக்குள் போகாமல் இருந்திருக்கிறான். அப்பாவிடம் கேட்டால் ஒரே கதைதான். “ஒங்க தாத்தா யாரையும் ஏமாத்தல. அவர ஏமாத்துனவன் சன்னாசியப்பன். கூட்டாளின்னு நம்புனாரு. மூட்டையெல்லாம் சொல்லாமக் கொள்ளாம அள்ளிட்டுப் போயிட்டான். நம்ம வீட்டு அண்டா மொதக்கொண்டு அவன் வீட்டுலதான் கெடக்கு. பேரு வெட்டுன அண்டா.” இதைச் சொல்லும்போது அப்பா தரையையேதான் பார்ப்பார். ஏன் தரையைப் பார்த்தார்? அவமானம் என்றுதான் தெய்வநாயகம் இத்தனை நாளும் நினைத்திருந்தார். வேறு ஏதாவது தெரியுமோ அப்பாவுக்கு? இந்த யோசனை இதுவரை வந்ததில்லை. இப்போது, இந்தப் படிப்பறையில், தலைக்கு மேல் காற்றாடி தடக் தடக்கென்று சுற்றும்போது வந்து உட்கார்ந்துகொண்டது.

இதற்கெல்லாம் காரணம் சுபாஷிணி. கனடாவில் உட்கார்ந்துகொண்டு வம்சாவளி போடுகிறாளாம். மகள் ஆசைப்படுகிறாளே என்று, தெரிந்த பேரையெல்லாம் சொன்னார். அவள் எங்கெங்கோ தேடி, ‘அப்பா, பூட்டன் பேர்ல ஒரு கோர்ட்டுக் கட்டு மதுரையில இருக்கு, அட்டவணைல நம்பர் கிடைச்சிருக்கு, போய்ப் பாத்துட்டு வாங்க’ என்று எழுதிவிட்டாள். பார்க்கலாம் பார்க்கலாம் என்று அவர் ஆறு மாசம் ஓட்டினார். இன்னும் ஆறு வருஷம்கூட ஓட்டியிருப்பார். ஆனால் அந்தச் செய்தியை உரக்கப் படித்தது அவர் செய்த மடத்தனம். அடுப்படியில் பாக்கியம் நின்றிருந்தாள். தங்கை. அவரைவிட ஐந்து வயசு இளையவள், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் ஆகாதவள், மனைவி போன பிறகு நாலு வருஷமாக இவருக்குச் சோறு போட்டு, மாத்திரை எடுத்துக் கொடுத்து, ராத்திரி இருமினால் அடுத்த அறையிலிருந்து என்னண்ணே என்று கேட்கிறவள். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். மறுநாளும் ஒன்றும் கேட்கவில்லை, அதற்கு மறுநாளும் கேட்கவில்லை. போன புரட்டாசியில் ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு அவளுக்கு ஒரு போன் வந்தது. கேட்டாள், சரி என்றாள், வைத்தாள். கொல்லைக் கதவு திறந்தது. கொஞ்ச நேரத்தில் தலையில் தண்ணீர் ஊற்றும் சத்தம். ஒரு குடம், இரண்டு குடம், மூன்று குடம். காலையிலேயே குளித்தவள். பதினோரு மணிக்கு எதற்கு மறுபடி தலைக்கு ஊற்றுகிறாள் என்று தெய்வநாயகம் பேப்பரைப் பிடித்தபடி யோசித்தார். பங்காளி வீட்டில் சாவு என்றால் தனக்கல்லவா முதலில் சொல்லியிருப்பார்கள்? சாயங்காலம் பஸ் நிலையச் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலியில், ஒரு காலத்தில் பாக்கியத்தைப் பெண் கேட்டு வந்த கதிர்வேலுவின் படத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு எப்படிப் போவது என்று பயமாக இருந்தது. போனால் அவள் ஈரத் தலையோடு தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். எத்தனை தோசை என்று கேட்டாள். அவ்வளவுதான். காரியத்துக்குப் பதினாறு நாள் கணக்கு முடிந்த மறுநாள், அவர் முன்னால் வந்து நின்றாள். “அண்ணே. அந்தக் கட்ட மதுரைல போயிப் பாரு. பாத்துட்டு எங்கிட்டச் சொல்லு. நல்லதோ கெட்டதோ, இருக்கிறத இருக்கிறபடி சொல்லு.” சரிம்மா என்றார். வேறென்ன சொல்ல முடியும்? அதற்கப்புறமும் மழை, முழங்கால் வலி, பஸ் ஸ்டிரைக் என்று மூன்று மாசம் கடத்தினார். இன்று காலை அவளே புளிசாதம் கட்டிப் பையில் வைத்துவிட்டாள்.

புளிசாதம் நெஞ்சிலேயே நிற்கிறது. எதிரே ஒரு பையன் ஏதோ ஆராய்ச்சிக்காகப் பென்சிலால் எழுதித் தள்ளுகிறான், அவனுக்கென்ன, அவன் பார்ப்பது எவருடைய தாத்தாவோ. மணி மூன்றடிக்கப் பத்து நிமிஷம். கட்டைக் கறையான் தின்றிருக்கும். தொண்ணூறு வருஷம் ஆயிற்றே, தின்றிருக்க வேண்டாமா? கறையானே, மகராசனாகத் தின்றிரு. இல்லை, இருக்கட்டும், இருந்து, அப்பா சொன்னபடியே இருக்கட்டும். சன்னாசியப்பன் மோசக்காரன் என்று கோர்ட்டு முத்திரையோடு ஒரே ஒரு வரி இருந்தால் போதும். அதை அப்படியே கொண்டுபோய்ப் பாக்கியத்தின் முன்னால் வைத்து, பார்த்தாயா, அன்றைக்கு நான் செய்தது சரிதானே என்று சொல்லிவிடலாம். அன்றைக்கு. எண்பத்தெட்டு, தை மாசம். கதிர்வேலு அதே எக்ஸ்சேஞ்சில் டெக்னீஷியன். பாக்கியத்துக்கு இருபத்தைந்து. அப்பா தவறிவிட்டார், அதனால் பெண் கேட்டு இவரிடம்தான் வந்தார்கள். சன்னாசியப்பன் பேரன் என்று தெரிந்ததும் அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். பாக்கியம் மட்டும், “எப்பவோ நடந்ததுண்ணே. வீட்டப் போயிப் பாரு. பிடிச்சா பேசு” என்றாள். போனார். ஊர் முறைப்படி மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனார். நல்ல மனுஷர்களாகத்தான் இருந்தார்கள், அதுதான் தொந்தரவு. இலை போட்டுவிட்டார்கள். சம்மதம் என்றால்தானே அந்த வீட்டில் கை நனைக்க வேண்டும்? யோசிக்க அவகாசம் வேண்டியிருந்தது, கை கழுவிவிட்டு வருகிறேன் என்று கொல்லைக்குப் போனார். கிணற்றடியில் அந்த அண்டா இருந்தது. ஒரு ஆள் உள்ளே உட்காரலாம், அவ்வளவு பெரிசு. புளி போட்டு விளக்கியிருந்தார்கள், வெயிலில் தகதகவென்று இருந்தது. கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து. மு.தெ. தெய்யன்னாவின் கொம்பைக் கொஞ்சம் அதிகமாக இழுத்து வெட்டியிருந்தான் ஆசாரி. வீட்டில் மிச்சம் இருந்த ஒரே சொம்பிலும் அதே கொம்பு, அதே இழுப்பு. எழுத்தைப் பார்த்தால் எந்தக் கை என்று சொல்லிவிடுவார், அது அவர் தொழில்.

கதிர்வேலுவின் அப்பா பின்னாலேயே துண்டோடு வந்தார். “அது எங்கப்பா கோர்ட்டு ஏலத்துல எடுத்ததுங்க. அந்தப் பேர மட்டும் யாரும் ஒரசக் கூடாதுன்னுட்டாரு. ஏன்னு எங்களுக்கும் தெரியாது.” அந்த மனுஷர் ஒளிக்காமல்தான் சொன்னார். அதற்கு மேல் தெய்வநாயகம் நிற்கவில்லை. இலையைத் தாண்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கை நனைக்கவில்லை. ஊர் முழுக்க அதைத்தான் பேசியது, தன்மானக்காரன் என்றுகூடப் பேசியது. வீட்டில் பாக்கியம் வாசலிலேயே நின்றாள், சேதி அதற்குள் அவளுக்கு வந்திருந்தது. “ஏலத்துல எடுத்ததாமேண்ணே.” அவர் குரல் தெருவுக்கே கேட்டது: “ஏலத்துல எடுத்தவன் பேர எதுக்கு அழிக்காம வச்சிருக்கான்? ஒங்க தாத்தா எங்கிட்டத் தோத்தாருன்னு காட்டுறதுக்குத்தான? நம்மளக் கேவலப்படுத்தத்தான? பேர ஏன் அழிக்கல? அதுக்கு ஒரு பதில் சொல்லச் சொல்லு அவன, நாளைக்கே முகூர்த்தம் குறிக்கிறேன்.” கேட்டிருப்பாள். கதிர்வேலுவும் அவன் அப்பாவைக் கேட்டிருப்பான். யாருக்கும் பதில் தெரியவில்லை. அடுத்த வருஷம் அவன் திண்டுக்கல்லுக்கு மாற்றலாகிப் போனான், கல்யாணம் செய்துகொண்டான். பாக்கியம் செய்துகொள்ளவில்லை. வந்த வரன்களையெல்லாம் வேண்டாம் என்றாள், ஏன் என்று இவரும் கேட்கவில்லை. கேட்காததற்கு என்ன காரணம்? வேண்டாம், அதற்குள் போக வேண்டாம். காற்றாடியைப் பார்க்கலாம். மூன்று இறக்கை. ஒன்றில் துரு. அண்டாவைப் பார்த்ததும் கோபம் வந்ததா? வந்தது, இலையைத் தாண்டும்போது வந்தது. அதற்கு முன்னால்? எழுத்தைப் படித்த அந்தக் கணத்தில்? அப்போது வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டு ஜன்னல் மட்டத்துக்குச் சுவர் எழும்பியிருந்தது. கடன் பாக்கியத்தின் பேரில். மத்திய அரசு வேலை, அவளுக்குத்தான் சுலபமாகக் கிடைத்தது. பிடித்தமும் அவள் சம்பளத்தில்தான். அவள் கல்யாணமாகிப் போனால் சுவர் ஜன்னல் மட்டத்தோடு நின்றுவிடும். இவர் மனைவி வேறு முழுகாமல் இருந்தாள். அந்தக் கொல்லையில், வெயிலில், மு.தெ. என்று படித்ததும் நெஞ்சில் எதுவோ தளர்ந்தது. அப்பாடா என்றிருந்தது. ஆமாம். கோபம் அப்புறம் வந்தது. முதலில் வந்தது அப்பாடா. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம் சொன்னதில்லை, சாமியிடமும் சொன்னதில்லை. காரணம் என்று கையில் இருப்பது அந்த அண்டா ஒன்றுதான். இந்தக் கட்டு வந்து அதையும் பிடுங்கிக்கொண்டால் மிச்சம் நிற்பது அந்த அப்பாடா மட்டும்தான். அதோடு எப்படி அந்த வீட்டுக்குள் போவது? அவள் சம்பளத்தில் எழும்பிய வீட்டுக்குள்? அவளுக்குப் பென்ஷன் இருக்கிறது. தேனியில் ஒரு முதியோர் இல்லம் சுத்தமாக இருக்கிறது என்று ஒரு தடவை பேச்சுவாக்கில் சொன்னாளே. பேச்சுவாக்கில்தானா சொன்னாள்?

“சார்.” கட்டு வந்துவிட்டது. கறையான் தின்னவில்லை. பழுப்புத் துணியில் சுற்றி, நாடாவால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, அதன் மேல் அட்டையில் அவர் பேர். அவர் பேரேதான்; இன்சால்வெண்டு என்ற வார்த்தைக்குப் பக்கத்தில், யாரோ ஒரு குமாஸ்தாவின் மை மங்காத கையெழுத்தில். எட்டு வயசுப் பையன் உள்ளே எழுந்து நின்றான். தொடாதே. “மெதுவா புரட்டுங்க சார், ஓரம் உதிரும்” என்றாள் அந்த அம்மாள். “புதுசு மேல, பழசு அடியில. அப்பிடித்தான் தைப்பாங்க. ஆரம்பத்துலருந்து பாக்கணும்னா கடைசிப் பக்கத்துலருந்து வாங்க.” அவருக்கு ஆரம்பத்திலிருந்து பார்க்கத் தைரியம் இல்லை. மேலே இருந்ததிலிருந்தே தொடங்கினார். காகிதம் மஞ்சளாக இருந்தது. பழசானால் எல்லாக் காகிதமும் மஞ்சள்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். முதலில் கடன் தீர்ந்ததாக விடுதலை உத்தரவு, ஆங்கிலத்தில். அப்புறம் ரிசீவர் கச்சேரிக் கடிதங்கள்; திவாலானவனுடைய சொத்தை விற்றுக் கொடுக்கக் கோர்ட்டு நியமித்த அதிகாரி ரிசீவர். அப்புறம் தமிழில் ஒரு வாக்குமூலம், மேற்படி என்பதை ஷை என்று எழுதும் கோர்ட்டுத் தமிழ். ‘ஷை சன்னாசியப்பன் எனக்கு வேண்டியவன் அல்ல. என் மிளகு மூட்டைகளை எடுத்துக்கொண்டு என்னை மோசம் செய்தவன். அவன் என் பொருட்டுப் பாத்திரங்களை ஏலத்தில் எடுத்தான் என்பது சுத்தப் பொய். மு. தெய்வநாயகம்.’ மூன்று தடவை படித்தார். மோசம் செய்தவன். கோர்ட்டு முத்திரை இருக்கிறது. தாத்தாவின் கையெழுத்து இருக்கிறது, தெய்யன்னா கொம்பு நீண்டு இருக்கிறது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. போதும். இதற்கு மேல் என்ன வேண்டும்? அப்பா சொன்னதெல்லாம் சரி. பென்சிலை எடுத்துத் தேதியோடு நகல் எழுத ஆரம்பித்தார். பாதி எழுதும்போது விரல் நின்றுவிட்டது. நெஞ்சில் தளர்ந்ததே அது, அதே இடம், அதே அப்பாடா. முப்பத்தாறு வருஷம் கழித்து அது மறுபடி வந்திருந்தது. அடையாளம் தெரிந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

மணி நாலே கால். மூடிவிடு. நாடாவைக் கட்டு. உள்ளது உள்ளபடி சொல் என்றாள், உள்ளது இதுதானே, கோர்ட்டில் தாத்தாவே சொன்னது. அடியில் இருப்பதை யார் பார்க்கச் சொன்னது? அவள் பார்க்கச் சொன்னாள். கட்டைப் பார் என்றாள், மேல் பக்கத்தைப் பார் என்று சொல்லவில்லை. சுத்தப் பொய் என்று தாத்தா எதற்கு அவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டும்? யாரோ அப்படி அவரைக் கேட்டிருக்கிறார்கள். பயந்த மனுஷன்தான் கேட்காத கேள்விக்கெல்லாம் இப்படிச் சேர்த்துப் பதில் சொல்வான், தெய்வநாயகத்துக்குத் தெரியும், அவரும் அப்படித்தான் பேசுவார். காகிதத்தின் ஓரத்தைப் பிடித்தார். பிடித்த இடம் பொடிந்து மேஜையில் விழுந்தது. திருப்பினார். ரிசீவரின் குறிப்பு. இரண்டு பேரும் கூடிப் பேசிக்கொண்டு, திவால் ஆசாமியின் பாத்திரங்களைச் சிநேகிதன் பேரில் எடுத்து ஒளிக்கிறார்களோ என்று சந்தேகம். அப்படி இருந்தால் விடுதலை கொடுக்கக் கூடாது, ஜெயிலுக்கும் இடமுண்டு. கடைசியில் ஒரு வரி: ‘முதல் விசாரணையில், யாரும் தன்னை மோசம் செய்யவில்லை, மிளகு விலை இறங்கியதுதான் காரணம், ஷை சன்னாசியப்பன் தனக்கு இருபது வருஷச் சிநேகிதர் என்று சொன்ன இன்சால்வெண்டை மறுபடி கூப்பிட்டு விசாரிக்க வேணும்.’ ஜெயில் என்ற வார்த்தையைத் தெய்வநாயகம் விரலால் தொட்டுப் பார்த்தார். முப்பத்தொன்பது வயசில் ஒரு மனுஷன் அந்த வார்த்தையைக் கேட்டு, சிநேகிதனை மோசக்காரன் ஆக்கிவிட்டு வீடு வந்து சேர்ந்திருக்கிறான். வீட்டிலும் அதையே சொல்லியிருக்கிறான். கோர்ட்டில் சொன்னதை வீட்டில் மாற்ற முடியுமா? மகன் தரையைப் பார்த்துக்கொண்டு பேரனிடம் சொன்னான். பேரன் இலையைத் தாண்டினான்.

அடுத்த பக்கம் திரும்பாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் பிரித்தார். ‘சன்னாசியப்பன் வாக்குமூலம்’ என்று மேலே இருந்தது. கேள்வியும் பதிலுமாக எழுதியிருந்தார்கள். ஷை அண்டாவை உமது சொந்தப் பணத்தில் எடுத்தீரா? ஆம், இல்லாவிட்டால் பழைய பாத்திரக்காரன் உடைத்து எடைக்குப் போட்டிருப்பான். அதில் இன்சால்வெண்டின் பேர் இருப்பது வாஸ்தவமா? வாஸ்தவம். அடுத்த கேள்வியைப் படித்ததும் தெய்வநாயகத்துக்குக் காது அடைத்துக்கொண்டது, காற்றாடியின் சத்தம் நின்றுபோனது. அது அவருடைய கேள்வி. எண்பத்தெட்டில் வாசலில் நின்றுகொண்டு தெருவுக்கே கேட்கும்படி அவர் கேட்ட கேள்வி. ‘கிரயத்துக்கு எடுத்த பிறகும் பேரை அழிக்காமல் வைத்திருக்கக் காரணம் என்ன?’ பதிலைப் படிக்காமல் கண்ணை மூடிக்கொண்டார். எவ்வளவு நேரம் மூடிக்கொண்டிருக்க முடியும்? மூடிய கண்ணுக்குள்ளும் அந்தக் கிணற்றடி வெயில். திறந்தார். ‘என்றைக்காவது அவர்கள் கேட்டு வருவார்கள். வந்தால் அவர்கள் பொருளாகவே எடுத்துக்கொண்டு போக வேணும். பேரை அழித்துவிட்டால் நான் தர்மம் கொடுத்தது போல் ஆகும். அது அவருக்குத் தாங்காது.’ கீழே கையெழுத்து இல்லை. பெருவிரல் ரேகை. எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன்.

பையில் போன் அதிர்ந்தது. பாக்கியம் என்று எழுத்து ஓடியது. படிப்பறையில் பேசக் கூடாது. எழுந்து வராந்தாவுக்கு வருவதற்குள் கால் இரண்டு தடவை நாற்காலியில் இடித்தது. “என்னண்ணே, சாப்பிட்டியா? கட்டு கெடச்சுதா?” எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் பேசிய குரல், இழுக்காமல் அசையாமல் வரும். அவர் வாயைத் திறந்தார். “இல்லம்மா. கறையான் தின்னுருச்சாம்.” சொன்னது அவர்தானா என்று அவருக்கே தெரியவில்லை, அவ்வளவு சுலபமாக வந்தது. “சரி. இருட்டுறதுக்கு முன்னாடி பஸ் ஏறிரு. உசிலம்பட்டி தாண்டி பஸ்ல ஜன்னலச் சாத்திக்க, பனி ஆகாது ஒனக்கு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். நம்பிவிட்டாள். தப்பித்துவிட்டார். உள்ளே போய் நாடாவைக் கட்டினார், முடிச்சு விழவில்லை, அந்த அம்மாளே வாங்கிக் கட்டினாள். பெரிய பதிவேடு ஒன்றைத் திருப்பி வைத்து, “பாத்தாச்சுன்னு ஒரு கையெழுத்து, சார். இதுக்குப் பேனா பரவால்ல” என்று தன் பேனாவை நீட்டினாள். எழுதினார். கை எப்போதும் போல அச்சாகத்தான் எழுதியது. எழுதி முடித்துப் பார்த்தால், தெய்யன்னாவின் கொம்பு நீண்டிருந்தது. இத்தனை வருஷமாக இப்படித்தான் போடுகிறாரா, இன்றைக்குத்தான் இப்படி விழுந்ததா? பொய்க்குக் கீழே இருந்த கையெழுத்தும் இதுவும் ஒன்றுதான். பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் பதிவேட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜெயிலுக்குப் பயந்து ஒருத்தர் போட்டார். இவர் எதற்குப் பயந்து போடுகிறார்? சூடான சோற்றுக்கு. இருமினால் என்னண்ணே என்று ஒரு குரல் கேட்பதற்கு. “சார், ஒடம்புக்கு என்ன செய்யிது? தண்ணி தரட்டுமா?” என்று அந்த அம்மாள் எழுந்தேவிட்டாள். இல்லை என்று தலையாட்டிவிட்டு மறுபடி வராந்தாவுக்கு வந்து தூணில் சாய்ந்துகொண்டார். பயம் போகவில்லை. போனால் பேசலாம் என்று கொஞ்சம் நின்று பார்த்தார், அது போகிற மாதிரி தெரியவில்லை. பயத்தோடேயே நம்பரை அழுத்தினார். ஒரே மணியில் எடுத்துவிட்டாள்.

“பாக்கியம்.”

“சொல்லுண்ணே.”

“கெடச்சுதும்மா. அப்பவே கெடச்சுது. நான் பொய் சொன்னேன்.”

“லைன்ல இருக்கேன். சொல்லு.”

நகல் எடுக்கவில்லை, தேவைப்படவில்லை. கேள்வியையும் பதிலையும் ஒரு எழுத்து மாறாமல் சொன்னார். தர்மம் கொடுத்தது போல் ஆகும், அது அவருக்குத் தாங்காது என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து எடுத்துச் சொன்னார். தாத்தா மாற்றிச் சொன்னதையும் சொன்னார். லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார், வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. இருக்கிறாள். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதைச் சொன்னால் அவள் போய்விடுவாள், வீடு காலியாகிவிடும், சர்வ நிச்சயம். தூணைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“பாக்கியம், அன்னைக்கு அந்த அண்டாவப் பாத்தப்ப எனக்குக் கோவம் வரலம்மா. மொதல்ல வந்தது கோவம் இல்ல. எனக்கு நிம்மதியா...”

“அது தெரியும்ணே” என்றாள் பாக்கியம். “அது அன்னைக்கே தெரியும். ஒன் மூஞ்சியப் பாத்ததுமே தெரியும். இதுதான் எனக்குத் தெரியாது. பேர ஏன் அழிக்கலன்னு கேட்டதுக்கு அவரு தாத்தா என்ன சொன்னாரு, அத மட்டும் இன்னொரு தடவ சொல்லு.”